நீலக்கவசனின் ஏழாவது ஓட்டை

அத்தியாயம் 14

போன கிழமை டெனிஷாவை உலகமே திட்டிக்கொண்டிருந்த இடத்தில் விட்டிருந்தோம். உலகம் என்றால் அவளுடைய யூடியூப் சானலைப் பார்க்கிறவர்கள். பகலில் கற்பிட்டியில் ஒரு ஸ்டூடியோவில் கலியாணப் படங்களுக்கு நிறம் திருத்துவாள். மிச்ச நேரத்தில் 'ஓட்டை வலை' என்ற சானலில், பெரிய பெரிய படங்களின் கதை எங்கே கிழிந்திருக்கிறது என்று விரல் விட்டுக் காட்டுவாள். வாற மாதம் இருபத்தெட்டு வயது. கலியாணப் பேச்சை எடுத்தால் அதிலும் ஓட்டை கண்டுபிடிக்கிறாள் என்பது தாய் டொறத்தியின் தனிக் கவலை.

இந்த முறை அவள் கை வைத்தது நீலக்கவசன் மேல். பிள்ளைகளின் புத்தகப் பையிலும் முச்சக்கரவண்டியின் முதுகிலும் பறந்துகொண்டிருக்கிறானே, அவனேதான். அவன் வீரனான கதை எல்லோருக்கும் மனப்பாடம். தகப்பன் மீனவன். பௌர்ணமி இரவில் படகில் விளக்குக் கட்டிக்கொண்டு மீனுக்குப் போகிறான். புயலில் படகு தாழ்கிறது. பன்னிரண்டு வயது மகன் நீந்திப் போய், கலங்கரை விளக்கத்தின் அடியில் கிடந்த நீலக் கல்லைத் தொடுகிறான். கல் கவசமாகி அவன் உடம்பில் ஏறுகிறது.

இந்தக் கதையில் ஏழு ஓட்டை என்றாள் டெனிஷா. முதலாவதும் ஏழாவதும் அவள் கண்டுபிடித்தவை அல்ல.

முதலாவதைச் சொன்னவர் அவளுடைய அப்பா யோசேப்பு. ரீவியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து விழுந்து சிரித்தார். "முழு நிலாவுக்கு லைட் கட்டிட்டுப் போறானாம்! கடல் முழுக்க வெளிச்சமாக் கிடக்கு. இவன்ட லைட்டைப் பார்த்து எந்த மீன் வரும்? லைட்டுக்குப் போறது இருட்டுக் காலத்துல. இதைச் சொல்லிக் குடுக்க அந்தப் படக்காரனுக்கு ஒரு ஆள் கிடைக்கல்லையா?"

ஏழாவதைச் சொன்னவள் டொறத்தி. அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பொடியன்ட தாய் எங்க? முதல்ல கரையில நின்டு அழுறா. பிறகு ஆளையே காணல்ல. பன்னிரண்டு வயசுல இருந்து அவனுக்குச் சோறாக்கிக் குடுத்தது யாராம்?"

திட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஏழாவதுக்குத்தான் திட்டினார்கள். வீரனின் கதையில் தாய்க்கு என்ன வேலை என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு நாலாயிரம் பேர் லைக் போட்டிருந்தார்கள்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் மீனவர் சங்கச் செயலாளர் இன்ஷாப் அவளைத் தேடி வந்தார். வாற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு விழா. 'கடல் காவலர்' என்ற பட்டத்தைக் கொடுத்து யோசேப்புக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். தொண்ணூற்றேழில் கவிழ்ந்த படகிலிருந்து இரண்டு உயிரைக் காப்பாற்றியவர் அல்லவா?

"மேடையில போட ஒரு பத்து நிமிச வீடியோ வேணும் தங்கச்சி. உங்கட வாப்பாட வாயாலயே அந்தக் கதை. வெள்ளிக்கிழமை பின்னேரம் தந்தாப் போதும்."

ஊரார் கதையில் எல்லாம் ஓட்டை தேடுகிறவளுக்கு ஒரு மாறுதலுக்கு ஓட்டையே இல்லாத கதை கிடைத்தது. டெனிஷா சந்தோஷமாகத் தலையாட்டினாள். பாவம்.

*

வெள்ளிக்கிழமை காலை. யோசேப்பு கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருந்தார். அறுபத்திரண்டு வயது. தலைக்கு எண்ணெய் அதிகமாகிவிட்டது. டெனிஷா கெமராவை முக்காலியில் பூட்டினாள்.

"எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்கப்பா."

அவர் தொண்டையைச் செருமினார். முகத்தில் சந்தோஷம் இல்லை. இரண்டு நாளாகவே அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மேடைப் பயம் என்று டெனிஷா நினைத்துக்கொண்டாள்.

"தொண்ணூற்றேழு. மரித்தோர் திருநாளுக்கு முதல் நாள். நாங்க அப்ப தீவு வாடியில. மீன் காலத்துக்குப் போய் ஓலைக் குடிசை போட்டு இருப்பமே, அது. மற்ற ஆக்கள் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்த ஊருக்குப் போயிட்டாங்க. வாடியில நாங்களும் ஸஜீத் குடும்பமும் என்ட தம்பியும்தான். தம்பியும் ஸஜீத்தும் லைட் கட்டிட்டுக் கணவாய்க்குப் போனாங்க. சாமத்துக்குப் பிறகு திடீரெண்டு ஒரு காத்து."

டெனிஷாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அவளுக்கு இது செபம் மாதிரி.

"நேரமாகியும் அவங்க வரல்ல. நான் என்ட படகைத் தள்ளி இறக்கினன். டொறத்தி கரையில நின்டு அழுதா. ஒரு மணித்தியாலம் தேடினன். நிலா பட்டப்பகல் மாதிரி எறிச்சிட்டு இருந்தது. அந்த வெளிச்சத்துலதான்..."

யோசேப்பு நின்றுவிட்டார்.

நிலாவைக் காட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார். மகளும் அவரைப் பார்த்தாள். நீலக்கவசனைப் பார்த்து ரீவிக்கு முன்னால் அவர் சிரித்த சிரிப்பு இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

"லைட்டுக்குப் போனாங்க எண்டீங்க," என்றாள் டெனிஷா மெதுவாக.

"கெமராவை நிப்பாட்டு மகள்."

"அப்பா, அது ஒரு சின்ன..."

"நிப்பாட்டு எண்டன்."

அவர் எழுந்து, வெள்ளைச் சட்டையோடேயே கடற்கரைப் பக்கம் நடந்தார். அங்கே அவருக்கு அந்த நேரத்தில் ஒரு வேலையும் இல்லை. அப்பா அவளிடம் அதட்டிக் கதைத்து அவள் கேட்டதே இல்லை.

போனை எடுத்தாள். அந்த வருடத்துத் திகதிகளைத் தேடினாள். ஒக்டோபர் முப்பத்தொன்று, அமாவாசை. மரித்தோர் திருநாளுக்கு முதல் நாளான நவம்பர் முதலாம் திகதி இரவு வானத்தில் நிலாவே இல்லை.

*

டொறத்தி வீட்டுக்குப் பின்னால் பழைய வலையை விரித்து நெத்தலி காயவைத்துக்கொண்டிருந்தாள். குனிந்து குனிந்து ஒவ்வொரு பிடியாகப் பரப்பினாள். காகத்துக்கு ஒரு கண், வேலைக்கு ஒரு கண்.

"அம்மா, அப்பா காப்பாத்தின அண்டைக்கு நிலா இருந்ததா?"

"இருபத்தெட்டு வருசத்துக்கு முந்தின நிலாவை நான் எண்ணி வச்சிருக்கனா?"

"இருக்கல்ல அம்மா. நான் பார்த்திட்டன்."

"போன்ல வாறதெல்லாம் உண்மை எண்டு நம்பு. அப்ப நிலாவை வெட்டிட்டு மிச்சத்தைப் போடு. உனக்குத்தான் வெட்டத் தெரியுமே."

"நிலாவை வெட்டினா அப்பா எப்படிக் கண்டவர் எண்டு கேட்பாங்களே?"

டொறத்தி அடுத்த பிடியை அள்ளினாள். நெத்தலியைப் பரப்பினாள். மகளுக்கு இப்போது பழக்க தோஷம் பிடித்துவிட்டது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணியைத் தொட்டுப் பார்க்கிற தோஷம்.

"அண்டைக்கு எங்கட குடிசையும் எரிஞ்சது எண்டு சொல்லுவீங்க. குப்பி விளக்கு விழுந்து. ஆனா அப்பா கடல்ல, நீங்க கரையில. உள்ளுக்கு யார் விளக்கு வச்சது?"

"காத்து."

"காத்தா விளக்கு வச்சது?"

"டெனிஷா, எனக்கு வேலை கிடக்கு."

"நான் ஏழு மாசத்துல பிறந்தது அதே கிழமை. நீங்க வாடிக் கிணத்தடியில வழுக்கி விழுந்ததாலதான் எண்டு சொல்லுவீங்க. தீவுல கிணறு எங்கம்மா? குடிக்கிற தண்ணியே கேன்ல படகுலதான் வரும் எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

டொறத்தியின் கை நின்றது. ஒரு காகம் வந்து வலையின் ஓரத்தில் இருந்து இரண்டு நெத்தலியைக் கொத்திக்கொண்டு போனது. அவள் அதைத் துரத்தவில்லை.

"ஊர் உலகத்துப் படமெல்லாம் முடிஞ்சு இப்ப என்ட வீட்டுக்கே வந்திட்டியா?" என்றாள். குரலில் கோபத்தைவிடப் பயம் கூடுதலாக இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை அந்த மனுசனுக்கு ஒரு மரியாதை நடக்கப் போகுது. அதைக் கெடுத்திடாத. போ."

*

அம்மா சொல்லமாட்டாள். அப்பா கடற்கரையில். அந்தத் தீவில் அன்றைக்கு இருந்த பெரியவர்களில் சித்தப்பா இத்தாலியில். ஸஜீத் மாமா மௌத்தாகி, அடக்கம் பண்ணி இரண்டு வருடம். மிச்சம் இருப்பது அவருடைய மனைவி நஃபீஸா மாமி. மூன்று வீடு தள்ளி இருக்கிறார்.

மாமி விறாந்தையில் இருந்து சின்ன வெங்காயத்தை இலைத்தாளோடு பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். டெனிஷாவைக் கண்டதும் பக்கத்தில் கிடந்த பாயைத் தட்டிக் காட்டினார்.

"அந்த நீலச் சட்டைக்காரன்ட கதையை நானும் பார்த்தன் புள்ள. தாய் எங்க எண்டு கேட்டியே, நல்ல கேள்வி."

டெனிஷா இருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு வெங்காயத்தை உருட்டினாள்.

மாமி அவள் முகத்தைப் பார்த்தார். "இப்ப உன்ட தாய் எங்க எண்டு கேக்க வந்தியா?"

டெனிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

நஃபீஸா கட்டிக்கொண்டிருந்த பிடியைக் கட்டி முடித்தார். பிறகு சொன்னார்.

அன்றைக்கு யோசேப்புக்கு மலேரியாக் காய்ச்சல். மூன்றாம் நாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தம்பியின் படகு வரவில்லை என்றதும் எழும்பினார், குடிசை வாசலில் விழுந்தார். திரும்பவும் எழும்பினார், திரும்பவும் விழுந்தார். தீவில் வேறு ஆம்பிளை கிடையாது. வேறு படகும் கிடையாது.

"உன்ட உம்மாதான் சொன்னா, நஃபீஸா, படகைத் தள்ளு எண்டு. அவக்கு எஞ்சின் பிடிக்கத் தெரியும். தண்ணி எடுக்கப் போய் வரக்குள்ள உன்ட வாப்பா பழக்கி விட்டிருந்தாரு. எனக்கு ஒண்டும் தெரியா. டோர்ச்சைப் பிடிச்சிட்டுத் தண்ணி இறைச்சன், அவ்வளவுதான்."

"இருட்டுல எப்படிக் கண்டுபிடிச்சீங்க மாமி?"

"காணல்ல. கேட்டம்." மாமி தன் காதைத் தொட்டுக் காட்டினார். "கொஞ்சத் தூரம் போறது, எஞ்சினை நிப்பாட்டுறது. நான் எங்கட வூட்டுக்காரர்ட பேரைச் சொல்லிக் கத்துவன். ரெண்டு பேரும் காது குடுத்துக் கேட்டுட்டு இருப்பம். சத்தம் இல்லாட்டி டொறத்தி திரும்பக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவா. பழைய எஞ்சின். ஒரு இழுவைக்கு வராது. பத்து, பன்னிரண்டு தரம் இழுக்கணும். ஏழு மாச வயித்தோட."

டெனிஷா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"ஒன்பதாந்தரம் நிப்பாட்டக்குள்ள அவர்ட சத்தம் கேட்டிச்சி. கவிழ்ந்த படகைக் கட்டிப் பிடிச்சிட்டு, மற்றக் கையால உன்ட சின்ன வாப்பாட தலைமயிரைப் பிடிச்சிட்டு ஈந்தாரு. உன்ட சின்ன வாப்பாக்குப் புத்தி இல்ல. தலை அடிபட்டு மயக்கம்."

"பிறகு?"

"கரைக்கு வரக்குள்ளயே உன்ட உம்மாக்குப் புள்ளப் பெறுற நோ எடுத்திட்டு."

விடிய வந்த படகுக்காரர்கள் கண்டது வேறு காட்சி. எப்படியோ எழும்பிப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று, தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் யோசேப்பு. அவர்களே கதையைக் கட்டிவிட்டார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த மனிதரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டொறத்தியையும் யோசேப்பின் தம்பியையும் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

"அந்த இருபத்திரண்டு நாளும் உன்ட உம்மா எங்கட கையைப் பிடிச்சிட்டு அழுதா. புள்ள இல்லாமப் போனா ஊர் என்ன சொல்லும்? வயித்துப் புள்ளையோட கடலுக்குப் போய் அதைக் கொன்னு போட்டாள் எண்டு சொல்லும். சொல்லாதீங்க எண்டா. நானும் எங்கட இவரும் உன்ட வாப்பாவும் சொல்லல்ல. இவர் மௌத்தாகிற கிழமையும் இதைத்தான் நினைச்சிட்டுக் கிடந்தாரு. டொறத்திட பேரை ஒரு தரமாவது சத்தமாச் சொல்லாமப் போறனே எண்டு."

"அப்ப நிலா?"

நஃபீஸா சிரித்தார். "அது உங்கட கோயில் சாமியார் கேட்டாரு, இருட்டுல எப்படிக் கண்டீங்க எண்டு. உன்ட வாப்பாக்கு ஒண்டும் வாயில வரல்ல. நிலா எண்டு சொல்லிட்டாரு. அண்டையில இருந்து அந்த நிலா எறிக்குது. ஊர்ல வயசானவங்களுக்கு அதில ஒரு கோளாறு ஈக்குது எண்டு தெரியும் புள்ள. கடல்காரனுக்குத் தெரியாதா? ஆனா ஒருத்தரும் கேக்கல்ல."

*

பின்னேரம் மூன்று மணி. யோசேப்பு திரும்பி வந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் கீழ்ப்பாகம் உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தது. குசினி வாசற்படியில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். டொறத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். டெனிஷா வந்து நின்ற விதத்திலேயே இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

"நஃபீஸாட்டப் போனியா?" என்றாள் டொறத்தி.

"ஓம்."

தண்ணீர்க் குழாய் மட்டும் ஓடியது.

"ஞாயிற்றுக்கிழமை நான் மேடையில ஏற மாட்டன்," என்றார் யோசேப்பு.

"ஏறத்தான் வேணும்," என்றாள் டொறத்தி திரும்பாமலே.

"இருபத்தெட்டு வருசம் டொறத்தி. ஒவ்வொரு பெருநாளுக்கும் எவனாவது ஒருத்தன் வந்து என்ட முதுகுல தட்டுவான். பாராட்டுறான். எனக்கு அது அடி. இனி என்னால ஏலாது."

"எனக்கு விழ இருந்த அடியைத்தானே நீங்க வாங்கினீங்க? இன்னும் ஒரு நாள் வாங்குங்க. இந்த வயசுல நான் ஊர் வாயில விழ வேணுமா? பிள்ளை செத்திருந்தா..."

"நான் சாகல்லையே அம்மா," என்றாள் டெனிஷா. "வாற மாசம் எனக்கு இருபத்தெட்டு முடியுது."

டொறத்தி திரும்பினாள். கையில் பாதி கழுவிய பானை. மகளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவள் மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். ஆரோக்கியமான, வாய்க்காரியான, ஐந்தடி ஆறங்குலப் பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளைக்காக அவள் போட்ட பூட்டு, பிள்ளை வளர்ந்து இவ்வளவு காலமாகியும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"குடிசை எப்படி எரிஞ்சது?" டெனிஷா கேட்டாள். "அதை மட்டும் மாமி சொல்லல்ல."

யோசேப்பு தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொறத்திதான் சொன்னாள்.

"அவளுக்குத் தெரியாது. ஸஜீத்தைக் கண்ட பிறகு அவள் வேற ஒண்டையும் பார்க்கல்ல. எனக்கு எந்தப் பக்கம் கரை எண்டே தெரியல்ல மகள். எல்லாப் பக்கமும் கறுப்பு. அப்ப தூரத்துல ஒரு நெருப்பு. இவர்தான். நடக்க ஏலாம, தவண்டு போய்க் கூரையில இருந்து கிடுகைப் பிடுங்கிப் பிடுங்கி எரிச்சிருக்கார். முடியப் போகுது எண்டதும் குடிசைக்கே வச்சிட்டார். அதைப் பார்த்துத்தான் நான் ஓட்டி வந்தன்."

"ஓலைதானே," என்றார் யோசேப்பு.

டெனிஷா அவர் பக்கத்தில் படியில் இருந்துகொண்டாள். அப்பாவின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் கையை எடுத்து அவள் தலையில் வைத்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் சொல்லாமல் விட்ட இன்னொரு உண்மை அவருக்கே பெருமை தருகிற உண்மை. அதைச் சொன்னால் மற்றதும் வெளியே வந்துவிடும் என்று அதையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இன்ஷாப்.

"தங்கச்சி, வீடியோ முடிஞ்சிதா? கேளுங்களேன், ஒரு நல்ல செய்தி. வாப்பாக்கு இப்ப சொல்லாதீங்க. இத்தாலியில இருந்து உங்கட சின்ன வாப்பா வாறாராம். நாளைக்கு விடியக் கட்டுநாயக்க ஏயார்போர்ட்டுல இறங்குறாராம். மகனையும் கூட்டிட்டு வாறாராம், பெரிய வாப்பாட பேரையே வச்சிருக்கிற மகன். பொன்னாடையை அவர்ட கையாலதான் போர்த்தணுமாம். காப்பாத்தின கைக்கு நான் முத்தம் குடுக்கணும் எண்டு போன்ல அழுதாரு."

போனின் சத்தம் பெரிது. சொல்லாதே என்று சொன்னதை மூன்று பேரும் கேட்டுவிட்டார்கள்.

"அவனுக்குத் தெரியாது," என்றார் யோசேப்பு. முகம் வெளிறியிருந்தது. "அவன் கண் முழிச்சது சிலாபத்துல. முழிச்ச உடனே என்ட கையைத்தான் பிடிச்சான். மகனுக்கு என்ட பேரை வச்சிருக்கான் டொறத்தி."

டொறத்தி பானையைக் கவிழ்த்து வைத்தாள். குழாயை மூடினாள். சேலைத் தலைப்பால் கையை விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு முற்றத்துக்குப் போனாள்.

காலையில் யோசேப்பு விட்டுப்போன கதிரை அதே இடத்தில் கிடந்தது. முக்காலியும் கெமராவும் அதற்கு நேரே நின்றன. அவள் கதிரையில் இருந்தாள். நெற்றியில் விழுந்த நரைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"இதைப் போடுறதா இல்லையா எண்டு நாளைக்கு அவன் வந்த பிறகு பார்ப்பம்," என்றாள். "இப்ப கேள்."

டெனிஷா ஓடிப்போய்க் கெமராவைத் திறந்தாள். சிவப்புப் புள்ளி எரிந்தது. யோசேப்பு வாசற்படியில் எழுந்து நின்றார். அவருடைய கையில் தேநீர்க் கோப்பை இன்னும் இருந்தது.

"அம்மா, அண்டைக்கு நீங்க கரையில நின்டு அழுதீங்களா?"

டொறத்தி கெமராவைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"நான் கரையில நிக்கல்ல மகள். எஞ்சின் பிடிச்சிட்டு இருந்தன். நீயும் என்னோடதான் இருந்தாய்."